பிளக் மாற்றினால் பிக்கப் கூடுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஸ்பார்க் பிளக்கைப் பற்றியவை. ஒரே விஷயத்தை வேறு வேறு விதமாகக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: என் பெட்ரோல் கார் 70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பழைய சாதாரண பிளக்குகளைக் கழற்றிவிட்டு இரிடியம் பிளக் போட்டேன். பிக்கப் நன்றாகவே கூடியிருக்கிறது. நண்பரோ "எல்லாம் மனப்பிரமை" என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி?

பிக்கப் கூடியது பிரமையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கான பெருமை இரிடியத்துக்குப் போகக் கூடாது. பிளக் புதியது, அவ்வளவுதான்.

கழற்றிய பழைய பிளக் கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். புதிய பிளக்கின் நடு முனை ஓரம் கத்தி போல் விளிம்பு கட்டி இருக்கும். பழையதில் அது மழுங்கி, தேய்ந்த பென்சில் மாதிரி உருண்டிருக்கும். சுமாராக ஒரு கணக்குப் போட்டால், கிலோமீட்டருக்கு 2,000 சுற்று சுற்றும் எஞ்சினில், இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்பதால், ஒவ்வொரு பிளக்கும் கிலோமீட்டருக்கு ஆயிரம் முறை பொறி தட்டுகிறது. 70,000 கிலோமீட்டரில் ஏழு கோடி முறை. ஒவ்வொரு பொறியும் கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தைச் சுரண்டிக்கொண்டு போகும். முனை மழுங்கும், நடு முனைக்கும் எதிரே இருக்கும் பக்க முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியான கேப் அகலும். மழுங்கிய முனையிலிருந்து அகன்ற கேப்பைத் தாண்ட, பொறிக்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும்.

சும்மா ஓட்டும்போது, பிளக்குக்கு வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயில் அதைச் சமாளித்துவிடும். மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் பொறி தாவுவது இன்னும் கடினம். அந்த நேரத்தில் சில சுற்றுகளில் எரிபொருள் பற்றாமலே வெளியே போய்விடும். இது ஒரே நாளில் வரும் கோளாறு இல்லை என்பதால் ஓட்டுகிறவருக்கு உறைக்காது. சரியாவது மட்டும் ஒரே நாளில் நடக்கிறது, அது பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்கே கையேட்டில் சொல்லியிருக்கும் சாதாரண பிளக்கைப் புதிதாகப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே வித்தியாசம் தெரிந்திருக்கும்.

எஞ்சினின் சக்தி உள்ளே போகும் காற்றிலும் பெட்ரோலிலும் இருக்கிறது. பிளக்கின் வேலை பற்றவைப்பது மட்டும். தீக்குச்சிக்குப் பதில் தீவட்டியை வைத்துக் கொளுத்தினாலும் அடுப்பில் இருப்பது அதே விறகுதானே. நல்ல நிலையில் உள்ள, எந்த மாற்றமும் செய்யாத எஞ்சினில், சரியான சாதாரண பிளக்குக்கும் விலை உயர்ந்த பிளக்குக்கும் சக்தியில் இருக்கும் வேறுபாடு, சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றி அளந்தாலும் பிடிபடுவது சிரமம். ஓட்டுகிறவர் முதுகில் உணர வாய்ப்பே இல்லை.

கேள்வி: அப்படியானால் இரிடியம், பிளாட்டினம் எல்லாம் ஏமாற்று வேலையா?

இல்லை. அவற்றுக்குக் கொடுக்கும் காசு ஆயுளுக்கான காசு. சாதாரண பிளக்கின் முனையில் இருக்கும் நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகும், பிளாட்டினம் 1,768-ல், இரிடியம் 2,446-ல். இரிடியம் கடினமான உலோகமும்கூட. அதனால் நடு முனையை 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை ஊசி மாதிரி மெலிதாக்கினாலும் தாங்குகிறது. நிக்கல் முனைக்கு 2.5 மில்லிமீட்டர் தடிமன் வேண்டியிருக்கிறது. மெலிந்த முனையிலிருந்து பொறி குறைந்த வோல்டேஜிலேயே தாவும். பிறக்கும் சின்னச் சுடரின் சூட்டை உறிஞ்ச அங்கே உலோகமும் குறைவு. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதும் ஐட்லிங்கிலும் இது கொஞ்சம் உதவும். ஆயுள்தான் பெரிய லாபம்: நிக்கல் பிளக் 30,000, 40,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டியது என்றால், நல்ல இரிடியம் லட்சத்தைத் தொடும். காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் பிளக்கே கண்ணில் படும் என்கிற மாதிரி எஞ்சின்களில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று கழற்றியவர்களுக்குத் தெரியும்.

ஒரு சூட்சுமம். "இரிடியம்" என்று எழுதியதெல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் நடு முனையில் மட்டும் இரிடியம், எதிரே இருக்கும் பக்க முனை வெறும் நிக்கல். அந்த நிக்கல் தேய்ந்ததும் பிளக்கின் கதை முடிந்தது. கார் கம்பெனிகள் பொருத்தி அனுப்பும் நீண்ட ஆயுள் பிளக்குகளில் பக்க முனையிலும் பிளாட்டினத் துண்டு ஒட்டியிருக்கும். ஒரே காயில் இரண்டு சிலிண்டருக்குப் பொறி தரும் எஞ்சின்களில் இது கட்டாயம். அங்கே இரண்டு பிளக்குகளில் ஒன்றில் மின்சாரம் தலைகீழாகப் பாய்வதால், அதில் பக்க முனைதான் வேகமாகத் தேயும். ஆகவே, தொழிற்சாலையில் இருந்து வந்த பிளக்கை எடுத்துவிட்டு "அப்கிரேடு" என்று நினைத்து ஆயுள் குறைந்ததைப் போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம், "காப்பர் பிளக்" என்ற பெயரும் குழப்பமானது. செம்பு உள்ளே, சூட்டைக் கடத்தும் தண்டாக இருக்கிறது. வெளியே பொறி தட்டுவது நிக்கல் கலவை. இரிடியம் பிளக்குகள் பலவற்றிலும் உள்ளே அதே செம்புத் தண்டுதான்.

கேள்வி: நான்கு பக்க முனை உள்ள பிளக்கில் நான்கு பொறி வருமா?

ஒன்றுதான் வரும். அந்த நொடியில் எந்த வழி எளிதோ அதில் தாவும். ஒன்று தேய்ந்தால் அடுத்ததற்கு மாறும், அதனால் ஆயுள் கூடும். சில எஞ்சின்களை அப்படிப்பட்ட பிளக்குக்காகவே வடிவமைத்திருக்கிறார்கள், அவற்றில் அதையே போடுங்கள். மற்றவற்றில் கூடுதல் முனைகள் சுடருக்கு வேலி கட்டிய மாதிரிதான். முனையைப் பிளந்து வைத்த ஸ்பிளிட்ஃபயர் என்ற பிளக் 1990-களில் அமெரிக்காவில் பிரமாதமாக விளம்பரமானது. சக்தியும் மைலேஜும் கூடும் என்ற அதன் விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரமில்லை என்று 1997-ல் அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. வடிவம் மாறிக்கொண்டே இருக்கிறது, வாக்குறுதி மட்டும் மாறவில்லை.

கேள்வி: பந்தயக் கார்களில் "கோல்டு பிளக்" போடுகிறார்களாமே. என் காருக்கும் போட்டால் எஞ்சின் சூடு குறையுமா?

குறையாது. வம்பை விலைக்கு வாங்குவீர்கள். கோல்டு, ஹாட் என்பது பொறியின் சூட்டைக் குறிப்பதல்ல. பிளக்கின் மூக்கிலிருந்து சூடு எவ்வளவு வேகமாக சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்குகிறது என்பதைக் குறிப்பது. உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு மெதுவாக இறங்கும், அது ஹாட். குட்டையாக இருந்தால் கோல்டு.

ஓடும்போது அந்த மூக்கு சுமார் 450, 500 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். அப்போதுதான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும். 850 டிகிரியைத் தாண்டிப் போனால் மூக்கே கனலாகி, பொறி வருவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றவைத்துவிடும், பிஸ்டன் ஓட்டையாகும் அளவுக்குப் போகலாம். இந்த இரண்டு எல்லைக்குள் உங்கள் எஞ்சின் எங்கே நிற்கும் என்று பார்த்துத்தான், பிளக் எவ்வளவு கோல்டு, எவ்வளவு ஹாட் என்று காட்டும் ஒரு எண்ணைக் கம்பெனி தருகிறது. முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் பந்தய எஞ்சினுக்குக் கோல்டு பிளக் சரி. காய்கறி வாங்க இரண்டு கிலோமீட்டர் போய்வரும் காரில் அதே பிளக் கரி பிடித்து, ஒரு மாதத்தில் காலை நேரத்தில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் கோல்டு. போஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் ஹாட். கணக்கு தலைகீழ். ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எண்ணைப் பார்த்து உத்தேசமாக வாங்குவது ஆபத்து. "பிராண்டு மாத்தினேன் சார், அவ்வளவுதான்" என்று சொல்லி வந்த ஒரு காரில் நான்கு பிளக்கும் அடுப்புக்கரி மாதிரி இருந்தன. கார்பரேட்டர் காலத்து வண்டி என்பதால் அவர் அதைத்தான் மூன்று முறை பிரித்துச் சுத்தம் செய்திருந்தார், பாவம்.

கேள்வி: கேப்பைப் பெரிதாக்கினால் பெரிய பொறி வரும், சக்தி கூடும் என்கிறார்கள். செய்யலாமா?

கேப் அகலமாக இருந்தால் சுடர் பிறக்க நல்ல இடம் கிடைக்கும் என்பது உண்மை. அதைக் கம்பெனிக்காரர்களும் அறிவார்கள், காயில் தாங்கும் எல்லை வரை ஏற்கெனவே அகலமாகத்தான் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் வரும். அதற்கு மேல் போனால் தேய்ந்த பழைய பிளக்கில் என்ன நடக்கிறதோ அதைப் புதிய பிளக்கிலேயே செய்து வைக்கிறீர்கள். காயில் ஓயாமல் உச்ச வோல்டேஜில் உழைத்துச் சீக்கிரம் போகும்.

இரிடியம் பிளக்கில் நாணயம் போன்ற கேப் கேஜை நுழைத்து நெம்பவே கூடாது. அந்த ஊசி முனை சட்டென்று ஒடிந்துவிடும். கேப் மாற்றியே ஆக வேண்டும் என்றால் நடு முனையைத் தொடாமல் பக்க முனையை மட்டும் வளைக்க வேண்டும்.

கேள்வி: டர்போ காரில் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) டியூனிங் செய்திருக்கிறேன். எனக்கும் இதே பதில்தானா?

உங்களுக்கு வேறு பதில். பூஸ்ட், அதாவது டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறினால் சிலிண்டரில் அழுத்தமும் சூடும் ஏறும். பழைய கேப்பில் பொறி ஊதி அணைந்த மாதிரி ஆகும், பிளக்கின் மூக்கும் அளவுக்கு மேல் சூடாகும். 75 முதல் 100 குதிரைத்திறன் கூட்டினால் ஒரு படி கோல்டு பிளக் என்பது வழக்கமான கணக்கு. கேப்பையும் கொஞ்சம் குறைப்பார்கள். எவ்வளவு என்பதை டியூனிங் செய்தவரிடமே கேளுங்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் கவலைப்பட வேண்டியது பிளக்கைப் பற்றி அல்ல. இங்கேயும் சக்தியைக் கூட்டியது பூஸ்ட்தான், பிளக் அதற்கு ஈடுகொடுக்கிறது.

கேள்வி: சிஎன்ஜி காருக்குத் தனி பிளக் வேண்டுமா?

பெட்ரோல் கலவையைவிட சிஎன்ஜி கலவையில் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். அதனால் பிளக் பலவீனமானால் சிஎன்ஜியில்தான் முதலில் தெரியும்: பெட்ரோலில் ஒழுங்காக ஓடும் கார் கேஸுக்கு மாற்றியதும் இழுக்காமல் குலுங்கும். மெல்லிய முனை கொண்ட பிளக்குக்கு நியாயமான காரணம் இருக்கும் இடங்களில் இது ஒன்று. பின்னாளில் கிட் பொருத்திய கார் என்றால் கேப்பை 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் குறைத்து வைப்பதும், கையேட்டில் சொன்னதைவிட முன்னதாகவே மாற்றுவதும் நல்லது.

கேள்வி: என் டீசல் காருக்கு எந்த இரிடியம் பிளக் பொருந்தும்?

எதுவும் பொருந்தாது. டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். உள்ளே இருப்பது குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் குளோ பிளக்.

கேள்வி: புதிய பிளக் போட்ட பிறகு ரேடியோவில் கரகரவென்று சத்தம் வருகிறது.

ரெசிஸ்டர் இல்லாத பிளக்கைப் போட்டிருக்கிறார்கள். பிளக்கின் எண்ணில் ஆர் என்ற எழுத்து பல பிராண்டுகளில் ரெசிஸ்டரைக் குறிக்கும், சுமார் 5 கிலோ ஓம் இருக்கும். அது பொறியால் வரும் மின்காந்த இரைச்சலை அடக்குகிறது. ரேடியோ போனால் பரவாயில்லை, அதே இரைச்சல் சென்சார்களையும் ஈசியூவையும் குழப்பும். உடனே மாற்றுங்கள்.

கேள்வி: நானே நான்கு பிளக்கும் மாற்றினேன். இப்போது ஐட்லிங் சரி, ஆக்சிலரேட்டர் மிதித்தால் வண்டி வெட்டுகிறது. பிளக்கே மட்டமா?

வெளியே தெரியும் வெள்ளைப் பீங்கானில் முடியளவு விரிசல் இருக்கிறதா பாருங்கள். பிளக் கை தவறித் தரையில் விழுந்தாலோ, சாக்கெட் சாய்ந்து பிடித்தாலோ விரிசல் விழும். ஐட்லிங்கில் தெரியாது, பளு ஏறியதும் பொறி உள்ளே தாவாமல் விரிசல் வழியாக வெளியே கசியும். நானும் ஒருமுறை விழுந்த பிளக்கைத் துடைத்துவிட்டு மாட்டி, காயில், ஒயர், இன்ஜெக்டர் என்று இரண்டு மணி நேரம் தேடியிருக்கிறேன். தரையில் விழுந்த பிளக் எனக்கு இப்போதெல்லாம் குப்பைதான்.

பீங்கான் நன்றாக இருந்தால் காயிலின் ரப்பர் மூடியைப் பாருங்கள், பழையது கிழிந்திருக்கலாம். எதுவானாலும் தள்ளிப்போடாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிந்தால் அது உருகும்.

கேள்வி: பிளக்கை எவ்வளவு இறுக்க வேண்டும்? மரைக்கு கிரீஸ் போடலாமா?

எஞ்சின் ஆறிய பிறகே கழற்றுங்கள், அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது மரை பிய்த்துக்கொண்டு வரும். கழற்றும் முன் குழியில் இருக்கும் தூசியை ஊதி எடுங்கள், இல்லையென்றால் சிலிண்டருக்குள் விழும். புதியதைக் கையாலேயே கடைசிவரை திருகுங்கள். வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், கையால் இறுகிய பிறகு அரை முதல் முக்கால் சுற்றுக்குள். வாஷர் இல்லாத, கூம்பு வடிவ இருக்கை உள்ள பிளக்குக்கு இது பொருந்தாது. அதற்கு ஒரு சிட்டிகைத் திருப்பம், ஒரு சுற்றில் பதினாறில் ஒரு பங்கு போதும். கிரீஸ் வேண்டாம். இப்போதைய பிளக்குகளின் மரையில் பூச்சு இருக்கிறது. வழவழப்பு சேர்த்தால் அதே டார்க்கில் கூடுதலாக இறுகி மரை நீண்டுவிடும்.

கழற்றிய நான்கையும் எந்த சிலிண்டரில் எது இருந்தது என்று எழுதி, வரிசையாக வையுங்கள். மூக்கு வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எஞ்சின் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது பிளக் அளவுக்கு மீறிய கோல்டு. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. வெளிறி, கொப்புளம் கட்டியிருந்தால் சூடு தாண்டியிருக்கிறது. நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அந்த சிலிண்டரில்தான் தேட வேண்டும். அடுத்த முறை கேள்வி அனுப்பும்போது அந்த நான்கின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், பாதி பதிலை அதுவே சொல்லிவிடும்.