பத்து நிமிஷ வேலைக்கு 400 ரூபாயா? பிளம்பர் கூலி பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்

நான் 24 வருஷமாகச் சென்னையில் பிளம்பிங் வேலை பார்க்கிறேன். முதல் ஐந்து வருஷம் ஹெல்பர். இப்போது நங்கநல்லூர், ஆதம்பாக்கம் பக்கம் மூன்று பேரை வைத்துச் சின்னச் சின்ன வேலைகளை எடுத்துச் செய்கிறேன். கூலி எவ்வளவு கொடுப்பது, யாரை நம்புவது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இங்கே சொல்லும் தொகைகள் எங்கள் பக்கம் நாங்கள் வாங்குவது. உங்கள் ஏரியாவில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்.

மடிப்பாக்கத்திலிருந்து: கிச்சன் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. பிளம்பர் பத்தே நிமிஷத்தில் வாஷர் மாற்றிவிட்டு 400 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். வாஷர் விலை இருபது ரூபாய்கூட இருக்காது. இது நியாயமா?

நியாயம்தான் அம்மா. உங்கள் வீட்டில் பத்து நிமிஷம், அவருக்கு ஒன்றரை மணி நேரம். கையிலிருந்த வேலையை முடித்து, வண்டியை எடுத்து, தெரு தேடி, பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறி வருகிறார். ஒரு நாளைக்கு இப்படி நாலு வீடு பார்க்கலாம், ஓடி ஓடிச் செய்தால் ஐந்து. எல்லா நாளும் நாலு வீடு கிடைக்காது. பெட்ரோல், பைப் ரேஞ்ச், ஹேக்சா பிளேடு, டிரில் பிட் எல்லாம் அவர் கைக்காசு. எங்கள் பக்கம் சின்ன வேலைக்கு 300 முதல் 500 வரை வாங்குகிறோம். நாள் கூலி என்றால் பிளம்பருக்கு 1,000 முதல் 1,300, ஹெல்பருக்கு 700 முதல் 900.

அந்தப் பத்து நிமிஷம் என்ன நடக்கிறது என்று அடுத்த முறை பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் மொட்டை மாடிக்குப் போய், தொட்டித் தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வை மூட வேண்டும். போர் தண்ணீர் ஓடும் வீட்டில் அது முழுசாக மூடாது. உள்ளே உப்பு சுண்ணாம்புக் கட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். குழாயின் தலையைக் கழற்றப் போனால் உள்ளே சுழலும் தண்டான ஸ்பிண்டிலும் அதே உப்பில் இறுகிக் கிடக்கும். இங்கேதான் கைப்பழக்கம் வேண்டும். இடது கையால் குழாயை அணைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையில் ரேஞ்சை வைத்து, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்க வேண்டும். அணைக்காமல் ஒரே திருகாகத் திருகினால் சுவருக்குள் குழாயைப் பைப்போடு இணைக்கும் நிப்பிளும் சேர்ந்து திரும்பி முறிந்துவிடும். அப்புறம் டைல்ஸை உடைக்கணும், கொத்தனாரைக் கூப்பிடணும், அதே டிசைனில் டைல்ஸ் கிடைக்காது. நான் ஹெல்பராக இருந்த இரண்டாவது வருஷம் மாம்பலத்தில் ஒரு வீட்டில் அப்படித்தான் முறித்தேன். என் மேஸ்திரி ஒரு வார்த்தை திட்டவில்லை. தன் காசில் டைல்ஸ் வாங்கிவந்து ஒட்டிக் கொடுத்தார். அந்தக் கைப்பழக்கத்துக்குத்தான் நீங்கள் 400 ரூபாய் கொடுத்தீர்கள்.

ஆனால் ரேஞ்சை வெளியே எடுக்கும் முன்பே தொகையைச் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. "பார்த்துக் குடுங்க" என்று சொல்பவரிடம், "இல்லைப்பா, நீயே ஒரு தொகை சொல்லு" என்று கேட்டுவிடுங்கள். பின்னால் வரும் சண்டைகளில் பாதி அந்த "பார்த்துக் குடுங்க"வில்தான் ஆரம்பிக்கிறது.

போரூரிலிருந்து: வந்தவர் பார்த்துவிட்டு "இது சரி பண்ண முடியாது, புதுசுதான் போடணும்" என்றார். ஒன்றும் செய்யாமலே 250 ரூபாய் செக்கிங் சார்ஜ் கேட்டார். கொடுக்கணுமா?

கொடுக்கணும். பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதும் வேலைதான். அதற்குக் காசு இல்லை என்றால், பிழைப்புக்காகத் தேவையில்லாத சாமானை மாற்றச் சொல்லும் நிலைக்கு அவரைத் தள்ளுகிறோம். வேலையை அவரிடமே கொடுத்தால் செக்கிங் சார்ஜைக் கூலியில் கழிப்பாரா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கழித்துவிடுவோம்.

கொளத்தூரிலிருந்து: ஃபிளஷ் டேங்க் உள்பாகம், இரண்டு ஆங்கிள் காக் (தண்ணீரை நிறுத்தும் சின்ன வால்வு), ஒரு ஹெல்த் ஃபாசெட் (டாய்லெட் கைக்குழாய்) மாற்றினோம். "சாமானோடு சேர்த்து 4,200" என்றார். பில் கேட்டால் முகம் மாறுகிறது. கடையில் கமிஷன் வாங்குகிறார்களா?

வாங்குகிறார்கள் சார். எங்கள் தொழிலில் இருக்கிற வழக்கம், மறைத்து என்ன ஆகப்போகிறது? பல ஹார்டுவேர் கடைகளில் ஆள் கூட்டிவரும் பிளம்பருக்கு ஒரு பங்கு உண்டு. பைப், ஃபிட்டிங் எல்லாம் அட்டையில் போட்ட விலையிலிருந்து (எம்ஆர்பி) தள்ளுபடி போட்டுத்தான் விற்பனை ஆகும். அந்தத் தள்ளுபடி உங்களுக்கு வராமல் எங்கள் ஆளின் பைக்குள் போகிறது. கூலியை அடித்துப் பேசி 200 ரூபாய்க்குக் கொண்டுவந்தால், விட்டதைச் சாமானில் பிடித்துக்கொள்வார். உங்களுக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: கூலி தனி, சாமான் தனி. கூலியைக் குறைக்காமல் கொடுங்கள், சாமானைப் பில்லோடு கேளுங்கள். முடிந்தால் நீங்களே போய் வாங்குங்கள். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போனால் அரை இன்ச்சா முக்கால் இன்ச்சா என்ற குழப்பம் வராது. அட்டையில் போட்டிருக்கும் விலையில் ஜிஎஸ்டியும் அடக்கம். அதற்கு மேல் வரி என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பெரிய வேலை, பாத்ரூம் முழுசும் மாற்றுகிறீர்கள் என்றால் பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடைகளுக்கு ஒரு நடை போய்வருவது லாபம். ஒரு டாய்லெட் டேங்குக்காக அங்கே போகாதீர்கள், ஆட்டோவுக்கே சரியாகிவிடும்.

நீங்கள் சொன்ன வேலைக்குக் கூலி மட்டும் 800 முதல் 1,000 வரை நாங்கள் வாங்குவோம். மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே மாற்றினாரா என்பது அப்போது தெரிந்துவிடும்.

பெரம்பூரிலிருந்து: வாடகை வீடு. கீசர் காயில் போய்விட்டது, பாத்ரூம் சுவரிலும் ஈரம் கசிகிறது. வீட்டு ஓனர் "ரெண்டுமே உங்க செலவு" என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது?

2017இல் நிறைவேறி 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிற தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் இதற்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது. குழாய் வாஷர், குழாய் மாற்றுவது, வாஷ்பேசின், டாய்லெட், கீசர் ரிப்பேர், சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்ச் சாக்கெட் எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. சுவருக்குள் ஓடும் பைப்பை மாற்றுவது, ஒயரிங், கட்டடத்தின் அடிப்படைப் பழுது, வெள்ளையடிப்பது ஓனர் பொறுப்பு. அக்ரிமென்ட்டில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுதான் செல்லும்.

ஆக கீசர் உங்களுடையது, சுவர்க் கசிவு அவருடையது. கசிவை போட்டோ எடுத்து, தேதியோடு வாட்ஸ்அப்பில் ஓனருக்கு அனுப்பி வையுங்கள். செய்து தர மறுத்தால் நீங்களே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அப்படிச் செய்யும்போது பில் இல்லாத வேலையாக இருந்தால் நீங்கள் சொல்வது நிற்காது.

ராமாபுரத்திலிருந்து: மொபைல் செயலியில் புக் பண்ணுவது நல்லதா, தெருமுனை பிளம்பர் நல்லதா?

தெரிந்த ஆள் இல்லாத புது ஏரியா, குழாய் மாற்றுவது மாதிரி அளவான வேலை என்றால் செயலி வசதி. தொகை முன்பே தெரியும், புகார் சொல்ல இடமும் இருக்கும். பழைய வீட்டில் லைன் எங்கே எப்படிப் போகிறது என்று தேட வேண்டிய வேலைக்குத் தெருமுனை ஆள்தான். முன்னால் அதே வீட்டில் வேலை பார்த்தவராக இருந்தால் பாதி நேரம் மிச்சம்.

அண்ணா நகரிலிருந்து: கிரவுண்ட் ஃப்ளோர் பாத்ரூமில் கழிவுநீர் எதிர்த்து வருகிறது. ஒருவர் 3,500 ரூபாய் கொடுத்தால் ஆளை உள்ளே இறக்கி அடைப்பை எடுத்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். ரூபாய்க் கணக்கு அப்புறம். சேம்பருக்குள்ளோ (மூடி போட்ட கழிவுநீர்க் குழி) செப்டிக் டேங்குக்குள்ளோ எந்த மனிதரையும் இறக்காதீர்கள். அவரே இறங்குகிறேன் என்று சொன்னாலும் விடாதீர்கள். உள்ளே தேங்கியிருக்கும் விஷவாயு மூச்சு விடவிடாது. முதலில் இறங்கியவரைத் தூக்கப் போகிறவரும் சேர்ந்து விழுகிறார். நம் ஊரில் எத்தனை தடவை இது நடந்துவிட்டது. கையால் கழிவு அள்ளும் தொழிலைத் தடுக்கும் 2013ஆம் வருஷச் சட்டப்படி பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். ஆளை வேலைக்கு வைத்தவர் என்ற முறையில் வீட்டுக்காரரும் மாட்டுவார். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இப்படி இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. 3,500 ரூபாய்க்கு ஓர் உயிரைப் பணயம் வைக்கச் சொல்கிற ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் காம்பவுண்டில் தெருவை ஒட்டிய கடைசி சேம்பர் மூடியைத் திறந்து, சற்றுத் தள்ளி நின்றே பாருங்கள். அது நிரம்பி நின்றால் பெரும்பாலும் அடைப்பு தெருப் பக்கம். அது குடிநீர் வாரியத்தின் வேலை, உங்கள் செலவு இல்லை. 1916க்கு போன் செய்து புகார் எண் வாங்குங்கள். இயந்திர வண்டி வந்து எடுக்கும். கடைசி சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்குள். வெளியே நின்றபடியே நீளமான ஸ்பிரிங் ராடு விட்டு எடுக்கலாம், எங்கள் பக்கம் 800 முதல் 1,500. உள்ளே நாப்கினும் துணியும் சிக்கியிருந்தால் நேரம் பிடிக்கும், தொகையும் ஏறும். பாதாளச் சாக்கடை வராத புறநகரில் செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள் 14420க்கு அழைத்து லாரி கேட்கலாம்.

முகப்பேரிலிருந்து: மோட்டார் போட்டால் "ம்ம்ம்" என்று சத்தம் மட்டும் வருகிறது, சுற்றவில்லை. வைண்டிங் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்) போச்சு, 4,500 ஆகும் என்கிறார் மெக்கானிக்.

முதலில், மோட்டார் கிளம்ப உதவும் கெப்பாசிட்டரை மாற்றிப் பார்த்தாரா என்று கேளுங்கள். சிங்கிள் பேஸ் மோட்டார் முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பல தடவை குற்றவாளி அதுதான். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. அதற்கும் சரியாகாவிட்டால் பேரிங் இறுகியிருக்கும், இல்லையென்றால் நிஜமாகவே வைண்டிங் போயிருக்கும். காயில் எரிந்தால் வாடை வரும், கழற்றினால் கறுத்துப் போயிருக்கும். அதை உங்கள் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். நீங்களாகத் திறக்காதீர்கள். மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும்.

பல்லாவரத்திலிருந்து: வருஷா வருஷம் ஏசி சர்வீசுக்கு வருபவர் "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று 3,000 வாங்குகிறார்.

ஏசி என் தொழில் இல்லை. ஆனால் இது தெரியும்: ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய பைப்புக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ லீக். லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் அடுத்த வருஷமும் இதே 3,000தான். லீக் எங்கே என்று காட்டச் சொல்லி, அதை அடைத்த பிறகு காசு கொடுங்கள்.

தாம்பரத்திலிருந்து: கீழ் வீட்டு சீலிங்கில் ஈரம். எங்கள் பைப்தான் என்கிறார்கள். எல்லா டைல்ஸையும் எடுக்க 60,000 எஸ்டிமேட் வந்திருக்கிறது.

எடுக்கும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள், செலவே கிடையாது. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். மோட்டார் போடாதீர்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் பெரும்பாலும் தண்ணீர் வரும் லைனில் கசிவு. பல வீட்டுக்கு ஒரே தொட்டி என்றால் உங்கள் லைன் வால்வை மட்டும் இரண்டு மூன்று நாள் ராத்திரியில் மூடி வைத்து, கீழே ஈரம் குறைகிறதா என்று பாருங்கள்.

மட்டம் இறங்கவில்லையா? அப்போது பாத்ரூம் தரையில் தண்ணீர் வெளியேறும் ட்ராப்பைத் துணியால் அடைத்து ஓர் இன்ச் தண்ணீர் கட்டி, ஒரு பகல் முழுக்க விடுங்கள். கீழே ஈரம் கூடினால் தரை டைல்ஸ் இடுக்கில் இறங்குகிறது. இடுக்குகளைச் சுரண்டி எபாக்சி (இடுக்கை அடைக்கும் பசை) போட்டே பல வீட்டில் நின்றிருக்கிறது. அதைச் செய்து பார்க்காமல் முழுத் தரையையும் பெயர்க்கச் சொன்னால் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

வில்லிவாக்கத்திலிருந்து: ராத்திரி, ஞாயிற்றுக்கிழமைக்குக் கூடுதலாகக் கேட்கலாமா?

கேட்கலாம். நாங்கள் ஒன்றரை மடங்கு வாங்குகிறோம். மேல் தொட்டி வால்வை மூடினால் தண்ணீர் நிற்கிறது என்றால் காலை வரை பொறுங்கள்.

மயிலாப்பூரிலிருந்து: எங்கள் வீட்டுக்கு முப்பது வருஷமாக ஒரே பிளம்பர்தான். வயது 65 தாண்டிவிட்டது. இன்னும் 150, 200தான் வாங்குகிறார். அதிகம் கொடுத்தால் கோபித்துக்கொள்கிறார். மனசு உறுத்துகிறது.

அவர் கையில் திணிக்காதீர்கள் அம்மா, அந்தத் தலைமுறை வாங்காது. வேறொரு வேலைக்குக் கூப்பிடுங்கள். ஒரு நாள் முழுக்க அவரை உட்கார வைத்து, வீட்டில் எந்தச் சுவருக்குள் எந்த லைன் போகிறது, எந்த வால்வு எதை நிறுத்தும், சம்ப்பிலிருந்து (தரைக்கு அடியில் இருக்கும் தொட்டி) மேல் தொட்டிக்குப் பைப் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று ஒரு பெரிய தாளில் போடச் சொல்லுங்கள். அதெல்லாம் இப்போது அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. வரைய வராது என்றால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் வரையுங்கள். மதியம் சாப்பாடு போட்டு, முழு நாள் கூலி 1,300 கொடுங்கள், அதை வாங்கிக்கொள்வார். அந்தத் தாளை லேமினேட் செய்து மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்து வருகிற பையன் அதைப் பார்த்துத்தான் சுவரில் டிரில் போட வேண்டும்.