ஏரியில நேத்து சால்மன் மீன் கிடைச்ச அதே இடத்துல இன்னைக்கு ஏன் ஒண்ணுகூட கிடைக்கல?

பெரும்பாலும் காரணம் தெர்மோக்ளைன்தான். கோடையில ஏரியோட மேல்பக்கம் வெதுவெதுப்பான தண்ணி, அடியில ஜில்லுனு தண்ணி, நடுவுல வெப்பம் சட்டுனு இறங்குற ஒரு அடுக்கு இருக்கும், அதுக்குத்தான் அந்தப் பேரு. பக்கெட்ல பச்சைத் தண்ணி மேல வெந்நீரை மெதுவா ஊத்தி கலக்காம கைய விட்டுப் பாருங்க, மணிக்கட்டு சுடும், விரல் நுனி ஜில்லுனு இருக்கும். சூடான தண்ணி லேசு, அதான் மேலயே நிக்குது.

சினூக்ங்குற வகை சால்மனுக்கு சுமார் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் தண்ணிதான் பிடிக்கும், அது எங்க இருக்கோ அங்கதான் சுத்தும். அமெரிக்காவுல இருக்குற மிச்சிகன் மாதிரி பெரிய ஏரியில, காத்து கரையிலேர்ந்து ஏரிப்பக்கமா விடாம அடிச்சா மேல இருக்குற சூட்டுத் தண்ணி நகர்ந்து போயி அடியில இருக்குற குளிர்ந்த தண்ணி கரையோரமா ஏறி வரும், மீனும் கூடவே கிட்ட வந்துடும். காத்து திசை மாறுச்சுன்னா எல்லாம் தலைகீழ், மீன் திரும்ப ஆழத்துக்குப் போயிடும். அதனால படகுல போனதும் முதல்ல ஒரு தெர்மாமீட்டரை கயித்துல கட்டி இறக்கி, எந்த ஆழத்துல அந்த 10 முதல் 13 டிகிரி வருதுன்னு பாத்துட்டு அங்க தூண்டிலை விடுங்க. விடியக்காலையில மட்டும் கொஞ்சம் மேலயும் போட்டுப் பாக்கலாம், வெளிச்சம் கம்மியா இருக்கறப்ப இரை தேடி மேல வரும்.

மீன் கடிக்கலைன்னா இரை சரியில்லைன்னு நிறைய பேரு அதையே மாத்திக்கிட்டு இருப்பாங்க, ஆனா பல நேரம் இரை நல்லாதான் இருக்கும், மீன் இல்லாத ஆழத்துல தொங்கிட்டு இருக்கும்.