எட்டாவது கரெக்‌ஷனுக்கு யார் காசு தர்றது?

அண்ணா வணக்கம். சேலம் அம்மாபேட்டைலேர்ந்து எழுதறேன். லேபிள், பாக்கெட் டிசைன் பண்றேன், ஜவ்வரிசி மில்காரங்க, ஏற்காடு காபித்தூள் பார்ட்டிங்கதான் கஸ்டமர். டிசைன் சூப்பர்ங்கறாங்க, எட்டு தடவ கரெக்‌ஷன் சொல்றாங்க, காசு மட்டும் அடுத்த வாரம் அடுத்த வாரம்னு இழுக்கறாங்க. த்ரீடி கோர்ஸ் சேர்ந்தா ரேட்டு ஏறுமாண்ணா?

தம்பி, த்ரீடி கத்துக்கங்க, வேணாங்கல, ஆனா அதுக்கும் எட்டு கரெக்‌ஷன் சொல்லுவாங்க. வேல ஆரம்பிக்கும்போதே பேச வேண்டியத பேசாம விட்டதுதான் இங்க பிரச்சன. ஒரே பக்கத்துல கொட்டேஷன் போடுங்க, எத்தன மாடல், எத்தன கரெக்‌ஷன், அதுக்கு மேல தடவைக்கு எவ்ளோ, பாதி அட்வான்ஸ், மீதி வந்தாத்தான் பிரிண்ட் ஃபைல். வாட்ஸப்ல அனுப்பி ஓகேன்னு ஒரு வார்த்த வாங்கிட்டு அப்புறமா கோரல் ட்ராவத் தொறங்க. அட்வான்ஸ்னதும் மூஞ்சி சுளிக்கறவரு கடைசிலயும் தரப்போறதில்ல, அவரு போகட்டும்.

அடுத்து உத்யம்ல, அதான் சின்ன யூனிட்டுங்களுக்கான கவர்மென்ட் பதிவு, அதுல பதிஞ்சுக்கங்க, ஆன்லைன்தான், ஃபீஸ் கெடையாது. அந்த நம்பர பில்லுல போடுங்க. 2006ல வந்த சிறுதொழில் சட்டப்படி சின்ன யூனிட்டுக்கு எழுதி ஒத்துக்கிட்ட தேதிக்குள்ள காசு தரணும், அதுவும் 45 நாளத் தாண்டக்கூடாது, எழுத்துல ஒண்ணுமே இல்லன்னா 15 நாள். தாண்டுனா வட்டி உண்டு, ஆனா வட்டிக்கு யாரும் பயப்படறதில்ல. பயம் இன்கம்டாக்ஸுக்குத்தான். கெடு தாண்டி நிக்கற பில்ல, காசு குடுக்கற வருஷம் வரைக்கும் பார்ட்டிங்க வரிக் கணக்குல செலவா காட்ட முடியாது, 2023-24 கணக்குலேர்ந்து இதான் ரூல். மார்ச் மாசம் அவங்க ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவாரு.

ரேட்டு ஏறணும்னா பார்ட்டியோட செலவு உங்களுக்குத் தெரியணும். காபித்தூள் பவுச்ச கிரேவியர்ல, அதான் உருளை வச்சு அடிக்கற பிரிண்டிங்ல, அடிக்கறாங்கன்னு வைங்க, ஒவ்வொரு கலருக்கும் தனி சிலிண்டர் (அந்த அச்சு உருளை), அதுக்குத் தனிக் காசு. நீங்க ஆசையா ஏழு கலர் போட்டீங்கன்னா பில்லு அவரு தலைல. இத அஞ்சு கலர்லயே முடிச்சுத் தர்றேன், ரெண்டு சிலிண்டர் மிச்சம்னு மொத மீட்டிங்லயே சொல்லிப் பாருங்க, உங்க சார்ஜ்ல ஐநூறு கொறைக்கச் சொல்லி பேரம் பேச வாயே வராது. மேல எழுதுன எல்லாத்தயும் விட எனக்கு இதான் முக்கியம்.

பழைய பாக்கிக்கு உத்யத்த நம்பிராதீங்க, பதிஞ்சப்புறம் எடுக்கற வேலைக்குத்தான் அது. பழைய பாக்கிக்கு நேர்ல போய் உக்காருங்க, செவ்வாய்ப்பேட்டை யாவாரிங்க வசூல் பண்றாப்ல. காலைல போணி ஆகறதுக்கு முன்னாடி மட்டும் போயிராதீங்க, வர்ற காசும் வராது.