மளிகைக் கடை பில்லிங் மென்பொருளுக்குப் பைதானில் எந்த ஜியுஐ டூல்கிட் நல்லது?

கேட்டவருக்குப் பைதான் ஓரளவு தெரியும். மளிகைக் கடைக்குப் பில் போடும் மென்பொருள் எழுதி நாலு கடைக்கு விற்க நினைக்கிறார். சரக்குப் பெயர்கள் தமிழில் இருக்க வேண்டும், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓட வேண்டும்.

என் பதில் பைசைடு6. விண்டோ, பொத்தான், அட்டவணை எல்லாம் அமைக்க உதவும் க்யூடி டூல்கிட்டைப் பைதானிலிருந்து பயன்படுத்தத் தரும் நூலகம் அது.

பொத்தான் அழகாக இருக்கிறதா, டார்க் மோடு உண்டா என்று பார்த்துத்தான் பலரும் டூல்கிட் எடுக்கிறார்கள். உங்களுக்கு அதெல்லாம் அப்புறம். முதலில் ஒரு விண்டோ திறந்து, ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்து, 'கொண்டைக்கடலை' என்று அடித்துப் பாருங்கள். கொம்புகள் தத்தம் இடத்தில் நிற்கிறதா? இல்லையென்றால் அந்த டூல்கிட்டை அங்கேயே விட்டுவிடலாம்.

டிகின்டர் என்ற டூல்கிட் பைதானோடு கூடவே கிடைப்பதால் பெரும்பாலும் அதில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். ஆனால் தமிழ் அங்கேதான் இடறுகிறது. யூனிகோடில் 'லை' என்றால் முதலில் ல, அடுத்து ஐகாரக் குறி என்றுதான் சேமிக்கப்படும். குறியை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பது திரையில் வரையும் நிரலின் பொறுப்பு. க்யூடி, ஜிடிகே என்ற இன்னொரு டூல்கிட், குரோம் உலாவியின் அடித்தளமான குரோமியம் எல்லாவற்றுக்குள்ளும் இந்த வேலையைப் பார்ப்பது ஹார்ஃபஸ் என்ற நூலகம். டிகின்டருக்கு அடியில் இருக்கும் டிகே 8.6 லினக்ஸில் இதைச் செய்வதில்லை. குறி பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸில் இயங்குதளமே சரிசெய்துவிடும் என்பதால், அங்கே மட்டும் எழுதிப் பார்ப்பவர் கண்ணில் இந்தக் கோளாறு படவே படாது. விளையாட்டு நிரலாளர்களுக்குப் பிடித்த டியர் இம்குயி என்ற டூல்கிட்டோ இந்த வேலையை விண்டோஸிலும் செய்வதில்லை.

அடுத்தது அட்டவணை. பில்லிங் மென்பொருளில் பாதி அதுதான். க்யூடியில் க்யூடேபிள்விட்ஜெட் எளிதாக இருக்கிறது என்று ஆரம்பிக்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக ஒரு பொருளை உருவாக்கி வைக்கும், சரக்குப் பட்டியல் ஆயிரக்கணக்கில் போனால் திணறும். க்யூடேபிள்வியூவை எடுத்து, அதற்குத் தரவை எடுத்துக் கொடுக்கும் ஒரு மாடலை எழுதிக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் வரிசைகளுக்கு மட்டுமே அது தரவைக் கேட்டு வாங்கும். பெயரில் இரண்டு எழுத்து அடித்ததும் பட்டியல் விழ க்யூகம்ப்ளீட்டர் இருக்கிறது.

பிரிண்டரையும் இப்போதே யோசியுங்கள். தெர்மல் பிரிண்டருக்கு வெறும் டெக்ஸ்டாகத் தமிழை அனுப்பினால் பெரும்பாலானவற்றில் குப்பைதான் வரும், உள்ளே தமிழ் ஃபான்ட் இருக்காது. பில்லை க்யூடியின் க்யூபெயின்டரால் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். 58 மிமீ பிரிண்டரில் அகலம் 384 புள்ளி, 80 மிமீயில் பொதுவாக 576. திரையில் தமிழைச் சரியாக வரையும் அதே நிரல் பில்லிலும் வரைகிறது என்பது க்யூடி எடுப்பதில் பெரிய லாபம்.

விற்கப்போகிறீர்கள், அதனால் உரிமம். க்யூடிக்கான இன்னொரு பைதான் நூலகமான பைக்யூடியில் எழுதினாலும் நிரல் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் அதன் உரிமம் ஜிபிஎல். மூலநிரலைத் தராமல் விற்கக் காசு கொடுத்து வணிக உரிமம் வாங்க வேண்டும். பைசைடு அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்திலும் கிடைப்பதால், அதன் நிபந்தனைகளைப் பின்பற்றி உங்கள் நிரலை மூடியே விற்கலாம். (க்யூடிக்கு இந்தத் தகராறு பழகிப்போனது. 1997-இல் லினக்ஸ் டெஸ்க்டாப்பான க்நோம் திட்டம் பிறந்ததற்கே அதன் அன்றைய உரிமம்தான் முக்கியக் காரணம். க்யூடிக்கு எல்ஜிபிஎல் வந்தது 2009-இல், 4.5 பதிப்போடு.)

வலைப்பக்கம் எழுதுவது போலவே மென்பொருள் எழுத உதவும் எலெக்ட்ரானில் தமிழ் அருமையாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு மென்பொருளோடும் ஒரு முழு குரோமியத்தையும், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடையும் சுமக்க வேண்டும், பைதானும் கைகொடுக்காது. கல்லாவில் இருக்கும் பழைய 4 ஜிபி கணினிக்கு அது எதற்கு? டபிள்யூஎக்ஸ்பைதான் மோசமில்லை, உரிமமும் தாராளம். க்யூடி பிடிக்கவில்லையென்றால் அடுத்து அதைப் பாருங்கள். ஜிடிகேயை விண்டோஸுக்குப் பொட்டலம் கட்டுவது தலைவலி.

பைசைடை நிறுவியதும், திரையை அமைக்க அதிலுள்ள இரண்டு வழிகளில் விட்ஜெட்ஸா க்யூஎம்எல்லா என்ற கேள்வி வரும். விட்ஜெட்ஸ். அசையும் திரைகளுக்கும் தொடுதிரைக்கும் க்யூஎம்எல் நல்லதுதான், ஆனால் கீபோர்டிலேயே வேகமாகப் பில் தட்டுகிறவருக்கு டேப் வரிசையும் ஷார்ட்கட்டும் ஒழுங்காக வேலை செய்தால் போதும்.