சிமுலேஷன் போதாதா?

அன்புள்ள ஐயா,

பவர் எலக்ட்ரானிக்ஸில் பிஎச்டி செய்கிறேன், மூன்றாம் ஆண்டு. டிசி கன்வர்ட்டர் (ஒரு டிசி வோல்டேஜை இன்னொன்றாக மாற்றும் சுற்று) ஒன்றுக்குப் புதிய கட்டுப்பாட்டு முறை. சிமுலேஷனில் அருமையாக வேலை செய்கிறது. நெறியாளரோ 'போர்டில் செய்து காட்டு' என்கிறார். மூன்று போர்டு எரிந்துவிட்டது. நண்பர்கள் எல்லாரும் ஏஐ பக்கம் போய்விட்டார்கள். நானும் தலைப்பை மாற்றிவிடலாமா? இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

ஓர் ஆய்வு மாணவன்

அன்புள்ள நண்பருக்கு,

வேலை கிடைக்கும். கன்வர்ட்டர் இல்லாமல் உங்கள் நண்பர்களின் ஏஐ சர்வரே ஓடாது. அந்தக் கவலையை விடுங்கள்.

எனக்கு எரிச்சல் மூட்டியது 'சிமுலேஷனில் அருமையாக வேலை செய்கிறது' என்ற வரிதான். ஏன் செய்யாது? மின்தேக்கிக்கு 10 மைக்ரோஃபாரட் என்று எழுதிக்கொடுத்ததே நீங்கள்தானே! நிஜ செராமிக் மின்தேக்கியில் வோல்டேஜ் ஏற ஏற, அதில் பாதிகூட மிஞ்சாமல் போகலாம். போர்டில் ஓடும் மெல்லிய செப்புத் தடத்துக்கு மில்லிமீட்டருக்கு ஒரு நானோஹென்றி வரை மின்தூண்டல் (இண்டக்டன்ஸ்) வரும். அதைச் சேர்த்தீர்களா?

கொஞ்ச நாளாகவே இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் படித்தபோது சீனியர் ஒருவர், மாஸ்ஃபெட் என்ற மின்னணு ஸ்விட்ச் மாறும்போது, அலைவடிவத்தைக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் தெரிந்த அதிர்வை விளக்கி ஓர் அத்தியாயமே எழுதிவிட்டார். லேப் உதவியாளர் வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஆஸிலோஸ்கோப்பின் அளவிடும் முனையான ப்ரோபில் தொங்கிய ஒரு சாண் கிரவுண்டு வயரைக் கழற்றிவிட்டு, நுனியில் சின்ன ஸ்பிரிங்கை மாட்டித் தொட்டார். அதிர்வு போன இடம் தெரியவில்லை. கணக்கும் ஒத்துவருகிறது: 15 செ.மீ. வயருக்குச் சுமார் 150 நானோஹென்றி, ப்ரோபின் உள்ளீட்டில் 10 பிகோஃபாரட். இரண்டும் சேர்ந்தால் 130 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தானாகவே அதிரும். பாவம், அத்தனை பக்கமும் அந்த வயரைப் பற்றித்தான்.

'என் வேலை கணிதம்' என்பீர்கள். சரி, தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானனைப் பாருங்கள். ஸ்விட்ச் சுற்றுகளை பூலியன் இயற்கணிதத்தில் (0, 1 என்ற இரண்டே மதிப்புகளின் கணிதம்) எழுதலாம் என்று 1937-இல் எம்ஐடி முதுநிலை ஆய்வேட்டில் காட்டினார். அந்த இயற்கணிதத்தைப் படித்தவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. அவருக்கோ டிஃபரன்ஷியல் அனலைசர் என்ற ராட்சதக் கணக்கு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் இருந்தது. அதன் ரிலேக்களோடு, அதாவது மின்சாரத்தால் இயங்கும் நிஜ ஸ்விட்சுகளோடு, தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

தலைப்பை மாற்றாதீர்கள். ராத்திரி லேபில் அந்தக் கருகல் வாசனையோடு தனியாக உட்கார்ந்திருப்பது எனக்கும் தெரியும், வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று போர்டிலும் முதலில் போனது எது, மாஸ்ஃபெட்டா, அதை இயக்கும் கேட் டிரைவரா? கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லையே! அடுத்த போர்டுக்கு சப்ளையில் கரண்ட் லிமிட் வைத்து, குறைந்த வோல்டேஜில் தொடங்குங்கள். கேட் அலைவடிவத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். ப்ரோபை எங்கே தொட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்.