மலைப்பனியில் விமான இன்ஜின்: ஏப்ரல் வரை ஈரம் அண்டாமல் வைப்பது எப்படி?

கேள்வி: சொந்தமாகக் கட்டிவரும் இரண்டு இருக்கை விமானத்துக்காக வாங்கிய நான்கு சிலிண்டர் லைகமிங் இன்ஜின், கோத்தகிரியில் என் வீட்டுத் தகரக் கொட்டகையில் சோதனைத் தாங்கியில் இருக்கிறது. விமானத்தின் உடற்பகுதி ஏப்ரலில்தான் தயாராகும். துருப்பிடிக்காமலிருக்க ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் ஓட்டுகிறேன். இடையில் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றி விடுகிறேன். இது போதுமா?

பதில்: இரண்டையும் இன்றே நிறுத்திவிடுங்கள். நல்லெண்ணத்தில் செய்தாலும் இவை துருவுக்கே உதவுகின்றன. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. அதில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து இன்ஜினின் நடுக்கூடான கிராங்க்கேஸுக்குள் இறங்கும். ஆயில் 80 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் நெடுநேரம் ஓடினால்தான் அந்த ஈரம் வெளியேறும். ஐந்து நிமிட ஓட்டத்தில் அது உள்ளேயே தங்கி, ஆயிலில் உள்ள கழிவுகளோடு சேர்ந்து அமிலமாகிறது. கையால் சுற்றுவதோ, சிலிண்டர் சுவரில் மிஞ்சியிருக்கும் மெல்லிய ஆயில் படலத்தையும் வழித்தெடுத்துவிடும். லைகமிங் நிறுவனத்தின் எல்180 சர்வீஸ் லெட்டரும் (பராமரிப்பு அறிவுரைக் கடிதம்) இரண்டையும் ஏற்கவில்லை.

வெளியிலிருந்து வரும் ஈரம் வேறு வகை. காலையில் உங்கள் கொட்டகைத் தகரத்தின் உட்புறத்திலிருந்து நீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இன்ஜினுக்குள்ளும் அதுவே நடக்கிறது. இரவு 5 பாகையும் பகல் 20 பாகையுமாக இருக்கும் நாளில் உள்ளிருக்கும் காற்று ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு விரிந்து வெளியேறி, இரவில் அதே அளவு ஈரக்காற்று உள்ளே வருகிறது. வடகிழக்குப் பருவமழை நேரடியாகப் பெய்யும் கோத்தகிரியில் டிசம்பர் காற்றின் ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஏறியதும் காற்று விரைவில் சூடாகிறது. கனத்த உலோகம் குளிர்ந்தே கிடப்பதால் அதன்மேல் ஈரம் படிகிறது. லைகமிங்கில், வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே அமைந்திருப்பதால் ஆயில் முதலில் வடிந்துபோவதும் அங்குதான், துரு முதலில் பிடிப்பதும் அங்குதான்.

ஆகவே இன்ஜின் மூச்சுவிடும் வழிகளை அடைத்து, உள்ளே இருப்பதை உலர்வாக வைக்க வேண்டும். பழைய ஆயிலை முழுவதும் வடித்துவிட்டு, மூன்று பங்கு மினரல் விமான ஆயிலுடன் ஒரு பங்கு துருத்தடுப்புச் செறிவு கலந்து ஊற்றி, ஆயில் இயல்பான சூட்டை எட்டும்வரை கடைசியாக ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு மேல் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு பிஸ்டனையும் கீழ்நிலைக்குக் கொண்டுவந்து, சிலிண்டருக்குச் சுமார் 60 மில்லி வீதம் அதே கலவையைத் தெளியுங்கள். கடைசித் தெளிப்புக்குப் பின் கிராங்க்ஷாஃப்டை அசைக்கவே கூடாது. பிளக் துளைகளில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் நிரப்பிய உலர்த்தும் பிளக்குகளைப் பொருத்தி, எக்ஸாஸ்ட், கார்புரேட்டர் வாய், கிராங்க்கேஸ் மூச்சுவிடும் பிரீதர் குழாய் ஆகியவற்றில் சிலிக்கா ஜெல் பை வைத்து இறுக மூடுங்கள். பலர் மறந்துவிடுவது பிரீதரைத்தான். கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலையும் வடித்துவிடுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை சிலிக்கா ஜெல்லின் நிறத்தைப் பாருங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும். 120 பாகையில் சில மணி நேரம் உலர்த்தினால் மீண்டும் பயன்படும். நீல மணிகளில் கோபால்ட் இருப்பதால் சமையலறை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பிளாஸ்டிக் தாள் சுற்ற வேண்டாம். பருத்திப் போர்வை போதும். போர்வைக்குள் 40 வாட் குண்டு பல்பு எரியலாமா என்றால், எரியலாம். காற்றின் சூடு 11 பாகை கூடினால் அதன் ஒப்பு ஈரப்பதம் பாதியாகிறது. ஆனால் போர்வை பல்பின்மேல் படக்கூடாது, அருகில் பெட்ரோல் இருக்கக்கூடாது. எல்.இ.டி. பல்பால் பயனில்லை. அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பை மட்டும் சூடாக்கும் ஹீட்டரும் வேண்டாம்: அடியிலுள்ள ஈரம் ஆவியாகி, குளிர்ந்த கேம்ஷாஃப்டில் போய்ப் படியும்.

மூடிய ஒவ்வொரு வாயிலிலும் சிவப்பு நாடா கட்டி, மொத்தம் எத்தனை பைகள் வைத்தீர்கள் என்று ஓர் அட்டையில் எழுதி ப்ரொப்பெல்லரில் தொங்கவிடுங்கள். ஏப்ரலில் அந்த எண்ணிக்கை சரியாக வந்த பிறகு, ஸ்பார்க் பிளக்குகள் இல்லாத நிலையிலேயே ப்ரொப்பெல்லரைக் கையால் பலமுறை சுற்றிச் சிலிண்டரில் தேங்கிய ஆயிலை வெளியேற்றுங்கள். தேங்கிய ஆயில் பிஸ்டனுக்கு இடங்கொடாது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். காப்புக் கலவையை வடித்து, பறப்புக்குரிய ஆயிலை நிரப்பிய பின்பே பிளக்குகளைப் பூட்டலாம்.