மறதி நோயின் வகையை ஸ்கேன் சொல்லுமா?

கேள்வி: என் தந்தைக்கு 72 வயது. ஓராண்டாக மறதி கூடிக்கொண்டே போகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்ததில் ‘மூளைச் சுருக்கம் உள்ளது’ என்று அறிக்கை வந்திருக்கிறது. அப்படியானால் இது அல்சைமர்தானா?

பதில்: அந்த ஒரு வரியைக் கொண்டு அல்சைமர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வயதானால் எல்லோருடைய மூளையும் ஓரளவு சுருங்கத்தான் செய்யும்; எந்தப் பகுதி, வயதுக்கு மீறி எந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்பதே மறதி நோயின் வகையைப் பிரித்தறிய உதவும்.

அல்சைமரில் பெரும்பாலும் முதலில் மெலிவது, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ். மூளையின் இருபுறமும், காதை ஒட்டிய பொட்டு மடலின் உட்பக்கமாக அமைந்துள்ள இப்பகுதியின் மெலிவை மருத்துவர்கள் 0 (மெலிவில்லை) முதல் 4 (கடும் மெலிவு) வரை மதிப்பிடுகிறார்கள். 65 வயதில் 2 என்றால் கவனிக்க வேண்டும். 80 வயதில் அதே 2 இயல்பாகவும் இருக்கலாம். நெற்றி மடலும் பொட்டு மடலின் முன்நுனியும் சுருங்கி, அதுவும் ஒரு பக்கம் கூடுதலாகச் சுருங்கியிருந்தால், மறதிக்கு முன்பே குணமாற்றமோ பேச்சுக் குறையோ தலைகாட்டும் ஃப்ரன்டோடெம்போரல் வகையைச் சந்தேகிப்பார்கள். ரத்தக்குழாய்க் கோளாறால் வரும் வகையில், ‘ஃப்ளேர்’ எனப்படும் படத்தில் வெள்ளைத் திட்டுகளும், பழைய சிறு அடைப்புகள் விட்டுச்சென்ற குழிகளும் தெரியும். லூயி பாடி வகைதான் படத்தில் எளிதில் பிடிபடாது. ஹிப்போகேம்பஸ் பெரிதாகப் பாதிக்கப்படாமலே இருக்கக்கூடும். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவதையும், உறக்கத்தில் கைகால்களை வீசுவதையும் வீட்டார் எடுத்துச் சொன்னால்தான் அது புலப்படும்.

வகையைப் பிரிப்பதைவிட, சிகிச்சையால் சீராகக்கூடிய காரணங்களைக் காட்டிக்கொடுப்பதே இந்த ஸ்கேனின் பெரும்பயன் என்பேன். விழுந்ததை மறந்தே போன முதியவரின் மூளையுறைக்கு அடியில் மெல்லக் கசிந்து தேங்கிய ரத்தம் இதில் தெரிந்துவிடும். மூளைத் தண்டுவட நீர் தேங்கி உள்ளறைகள் விரிந்திருப்பதும் தெரியும். அத்துடன் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோன்ற நடையும், சிறுநீரை அடக்க முடியாமையும் சேர்ந்திருந்தால், நீரை வடிக்கும் குழாய் பொருத்திப் பலன் பெற வாய்ப்புண்டு.

இருந்தாலும் வழக்கமான எம்.ஆர்.ஐ. மூளையின் வடிவத்தைத்தான் காட்டும். அல்சைமருக்கு அடையாளமான அமிலாய்டு புரதப் படிவைக் காண பெட் ஸ்கேன், தண்டுவட நீர்ப் பரிசோதனை போன்ற வேறு பரிசோதனைகள் தேவைப்படும். முதியவர்களிடம் இரண்டு வகைகள் கலந்திருப்பதும் சகஜம். ஆகவே அறிக்கைத் தாளோடு நில்லாமல், படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். முதலில் மாறியது நினைவா, நடையா, குணமா, பேச்சா என்பதை மாதவாரியாக எழுதி, அதையும் உடன் கொடுங்கள்.